40,000 ரூபாய்க்குள் ஒரு ஃபிளமெங்கோ கிட்டார்

தென் ஸ்பெயினின் பாட்டும் ஆட்டமும் கிட்டாரும் சேர்ந்த இசைதான் ஃபிளமெங்கோ. அதற்கான கிட்டார் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், கடைக்குக் கிளம்பும் முன் ஆறு இன்ச் ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் கோடு போட்டதாக இருக்கட்டும். பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். லட்சங்களில் செலவு செய்து ஒரு கைவினைஞரிடம் ஆர்டர் கொடுப்பவர்களுக்கு இது தேவைப்படாது. 30,000 முதல் 50,000 ரூபாய்க்குள் தேடுகிறவர்களுக்கு அதுதான் துணை.

இதை எழுதக் காரணம் என் சித்தி பையன். காசிமேட்டில் இருக்கிறான், கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் ஸ்டீல் கம்பி கிட்டார் வாசிக்கிறான். மேசை, டிபன் பாக்ஸ், பெஞ்சு எது கிடைத்தாலும் கானா தாளம் தட்டும் கை அவனுடையது. என் வீட்டில் நான் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு, விரலால் கம்பியையும் பலகையையும் ஒரே வீச்சில் அடிக்கும் அந்த வாசிப்பின் மேல் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. 40,000 ரூபாய் சேர்த்து வைத்துக்கொண்டு, "அக்கா, எதுன்னு நீயே சொல்லு" என்று வந்து நின்றான். அவனோடு மவுண்ட் ரோடு கடைகளுக்கும் பெரம்பூர், அயனாவரம் வீடுகளுக்கும் போய் வந்தபோது சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதே பணத்தோடு இதே குழப்பத்தில் இருப்பவர்கள் இன்னும் இருப்பார்கள்.

முதலில், இந்தக் கிட்டார் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் உருவம் பெரும்பாலும் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோர்ரெஸ் (1817–1892) வகுத்தது. அவர் காலத்தில் ஃபிளமெங்கோவுக்கென்று தனிக் கிட்டார் என்று பெரிதாக எதுவும் இல்லை. வசதியுள்ளவர்கள் ரோஸ்வுட்டில் வாங்கினார்கள். அதற்கு வழியில்லாதவர்கள் ஸ்பெயினிலேயே மலிவாகக் கிடைத்த சைப்ரஸ் மரத்தில் வாங்கினார்கள். சைப்ரஸ் எடை குறைந்த மரம். பாடகரின் குரல், ஆடுபவரின் குதிகால், சுற்றியிருப்பவர்களின் கைத்தட்டல் எல்லாவற்றுக்கும் நடுவே கிட்டார் கேட்க வேண்டும். சட்டென்று வெடித்து உடனே அடங்கும் சைப்ரஸ் ஒலி அதற்குச் சரியாகப் பொருந்தியது. வெளிர் நிறமான இந்த வகைக்கு பிளாங்கா என்று பெயர். பின்னால் ரோஸ்வுட்டிலும் இதே வடிவத்தைச் செய்தார்கள், அது நீக்ரா. ஃபிளமெங்கோ கிட்டார் மேதை பாகோ தெ லூசியா மேடையில் வாசித்துப் புகழ் சேர்த்தது நீக்ராவுக்குத்தான். நீக்ராவின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் போகும் இந்திய ரோஸ்வுட், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். நான் பாரிமுனையில் சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன், அதனால் இந்த மரத்தின் காகித வேலைகளையும் தெரியும்: 2017-இல் ரோஸ்வுட் இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது, 2019 கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள்.

ஆனால் நம் பட்ஜெட்டில் பிளாங்காவா நீக்ராவா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது வேறு: எதைப் பிறகு மாற்ற முடியும், எதை மாற்றவே முடியாது? கம்பியை மாற்றலாம். டியூனிங் கீ மாற்றலாம். கம்பியை இரு முனையிலும் தாங்கும் சிறு பட்டைகள் நட் (தலைப்பக்கம்), சேடில் (உடம்புப் பக்கம்); இரண்டையும் எலும்பில் புதிதாகச் செய்து போடலாம். தட்டும் இடத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் தகட்டை, அதாவது கோல்பியாதோரை, நாமே வாங்கி ஒட்டலாம். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டையான பிரெட் தேய்ந்தால் அதைக்கூட மாற்றலாம். ஆனால் கழுத்து உடம்போடு சேரும் கோணத்தை மாற்றுவது, கிட்டாரின் விலையைவிடப் பெரிய வேலை. அந்தக் கோணம்தான் ஒரு கிட்டார் ஃபிளமெங்கோவுக்கு ஆகுமா ஆகாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

கிளாசிக்கல் கிட்டாரில், சேடிலைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜுக்குச் சற்று முன்னால், மேல்பலகையிலிருந்து கம்பி வரைக்கும் ஏறக்குறைய 10 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும். ஃபிளமெங்கோவில் அது 7 முதல் 9 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது பிரெட்டில் ஆறாவது கம்பியின் உயரம் கிளாசிக்கலில் 4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், ஃபிளமெங்கோவில் 3 அல்லது அதற்கும் கீழே. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வலது கைக்கு அது எவ்வளவு பெரிய தூரம் என்பது வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். கோல்ப்பே, அதாவது பலகையைத் தட்டும் அடி, அடிக்கும்போது மோதிர விரல் கம்பியைத் தாண்டிப் பலகையைத் தொட வேண்டும், அதே நேரத்தில் கட்டைவிரலோ ஆள்காட்டி விரலோ கம்பியில் இருக்க வேண்டும். அல்சாபுவா என்ற உத்தியில் கட்டைவிரல் கீழே இறங்கி, மேலே ஏறி, மறுபடி இறங்கும். கம்பி உயரத்தில் நின்றால் மணிக்கட்டை வளைத்துத்தான் இதையெல்லாம் செய்ய முடியும், பத்து நிமிடத்தில் கை வலிக்க ஆரம்பிக்கும். வாசிப்பவர் தன் கையில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வார்.

ஸ்கேல் வேலை செய்வது இங்கேதான். மூன்று அளவு எடுங்கள். பிரிட்ஜுக்கு முன்னால் பலகையிலிருந்து ஆறாவது கம்பியின் அடிப்பக்கம் வரை. பன்னிரண்டாவது பிரெட்டின் உச்சியிலிருந்து அதே கம்பியின் அடிப்பக்கம் வரை. கடைசியாக, பிரிட்ஜ் மரத்துக்கு மேலே சேடில் எத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. மூன்றாவதை யாருமே பார்ப்பதில்லை, அதுதான் முக்கியம். பன்னிரண்டாவது பிரெட்டில் 1 மில்லிமீட்டர் குறைக்க வேண்டுமென்றால் சேடிலை 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். பன்னிரண்டாவது பிரெட் கம்பியின் நடுப்புள்ளி என்பதால் இந்தக் கணக்கு. ஆகவே ஒரு கிளாசிக்கல் கிட்டாரில் பிரிட்ஜுக்கு முன்னால் 10.5, பன்னிரண்டாவது பிரெட்டில் 4, சேடில் நீட்டம் நாலு என்று இருந்தால், 2 மில்லிமீட்டர் தேய்த்ததும் 8.5, 3, மிச்சம் 2 என்று வந்து நிற்கும். அது வாசிக்கக்கூடிய ஃபிளமெங்கோ கிட்டார்தான், லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் சரி. சேடில் ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டர்தான் எட்டிப் பார்க்கிறது, ஆனாலும் கம்பி உயரமாக இருக்கிறது என்றால் அதைக் கீழே வைத்துவிடுங்கள். அந்தக் கிட்டாரின் கழுத்து முன்பக்கம் சாய்ந்துவிட்டது, இனி குறைக்க இடமில்லை.

மவுண்ட் ரோட்டில் ஒரு கடையில் இதைச் செய்துகொண்டிருந்தபோது தம்பி பொறுமையிழந்துவிட்டான். "இன்னாக்கா, வாசிச்சுப் பாக்காம எவ்ளோ நேரம் அளந்துனே இருப்ப?" என்றான். கடைக்காரர் நல்ல மனிதர். "பாக்கட்டும் விடுப்பா" என்று அவனுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவர் காட்டிய கிட்டார் மெலிந்த உடம்போடு, ஓரம் வெட்டி, ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் வைத்தது. "ஃபிளமெங்கோவுக்குன்னே வந்தது மேடம்" என்றார். மேடையில் மைக்கோடு வாசிப்பவர்களுக்கு அது பயன்படும். வீட்டில் உட்கார்ந்து பழகுகிறவனுக்கு அந்தப் பிக்கப்புக்கும் ப்ரீ-ஆம்ப்புக்கும் போகும் பணம் வீண். அதே விலையில் அவை இல்லாத கிட்டாரில் மேல்பலகை நல்ல மரமாக இருக்கும்.

மேல்பலகை ஒற்றை மரமா ப்ளைவுட்டா என்பதைக் கண்டுபிடிக்க ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மரக் கோடுகள் விளிம்பில் இறங்கி உள்ளே தொடர்ந்தால் ஒற்றை மரம். விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் ப்ளைவுட். செல்போன் டார்ச் போதும். மேல்பலகை மட்டும் ஒற்றை ஸ்ப்ரூஸ் மரமாக இருந்தே ஆக வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பக்கங்களும் முதுகும் அடுக்கு மரமாக இருந்தால் எனக்குக் கவலையில்லை. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நமக்கு அது நல்லதும்கூட.

ஒலியைக் கேட்கும்போது பெரும்பாலானவர்கள் எதிர்த்திசையில் போய்விடுகிறார்கள். ஒரு கம்பியை மீட்டிவிட்டு எவ்வளவு நேரம் ரீங்கரிக்கிறது என்று காதைச் சாய்த்துக் கேட்கிறார்கள். தம்பியும் அப்படித்தான் ஒன்றை எடுத்துக்கொண்டு, "கணீர்னு நிக்குதுக்கா" என்று சந்தோஷப்பட்டான். கிளாசிக்கலுக்கு அது அழகு. ரஸ்கியாதோவில் நாலைந்து விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிகளை வாரிக்கொண்டு போகும்போது, முந்தைய அடி அடங்காமல் நின்றால் தாளம் கலங்கிவிடும். புலெரியா என்ற ஃபிளமெங்கோ தாள வகையின் பன்னிரண்டு எண்ணிக்கையில் 12, 3, 6, 8, 10 என்று அழுத்தம் விழும் இடங்கள் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதனால் அடித்த உடனே முழுசாகப் பேசி, உடனே வழிவிடும் கிட்டாரைத் தேடுங்கள். கடையில் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்ற கார்டுகளில் இறங்கி ஈ-யில் நில்லுங்கள். முதலில் மெதுவாக, அப்புறம் கை வலுவோடு. (இந்த இறக்கம் தங்கும் ஃப்ரிஜியன் அளவுகோலின் ஸ்வரங்கள் நம் தோடியின் ஸ்வரங்களேதான். கர்நாடக இசைக் காது உள்ளவர்களுக்கு ஃபிளமெங்கோ அந்நியமாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.) வலுவாக அடிக்கும்போது எல்லாக் கம்பியிலும் லேசாக ஒரு கரகரப்பு வந்தால் பயப்பட வேண்டாம், கம்பி பலகைக்கு அருகில் தாழ்வாக இருந்தால் அது இயல்பு, பலருக்கு அதுதான் வேண்டும். ஒரே ஒரு பிரெட்டில் மட்டும் இரைச்சல் வந்தால் அந்தப் பக்கத்துப் பிரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்ய என்ன ஆகும் என்று கேட்டு, விலையில் கழித்துப் பேசுங்கள்.

எல்லாக் கம்பியையும் ஒரே பிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்பான கேப்போவை இரண்டாவது பிரெட்டில் போட்டும் வாசித்துப் பாருங்கள். ஃபிளமெங்கோவில் பாடகரின் சுருதிக்காக பெரும்பாலும் அது மாட்டியே இருக்கும், அங்கே அதற்கு செஹியா என்று பெயர். கேப்போ போட்டதும் சுருதி பிசகும் கிட்டார் நமக்கு உதவாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமே என்று தம்பியின் நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். ஸ்பெயினில் ஒரு இணையக் கடையில் விலையைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். என் தொழில் கணக்கு இது: கூரியர்காரர்கள் பெட்டியின் நிஜ எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 115, 50, 25 என்று ஒரு பெட்டி இருந்தால் 28.75 கிலோ வரும். உள்ளே இருக்கும் கிட்டார் ஒன்றரை கிலோகூட இருக்காது, ஆனால் கட்டணம் கிட்டத்தட்ட 29 கிலோவுக்கு. அப்புறம் பொருளின் விலை, சரக்குக் கட்டணம், காப்பீடு மூன்றையும் கூட்டித்தான் சுங்கவரி போடுவார்கள். அந்த வரி மேல் ஒரு கூடுதல் வரி, எல்லாம் சேர்ந்த தொகை மேல் ஐஜிஎஸ்டி. சரக்குக் கட்டணத்துக்கும் வரி கட்டுகிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நம் பட்ஜெட்டில் இது சரிப்பட்டு வராது. ஊருக்கு வரும் சொந்தக்காரர் கையில் கொண்டு வந்தால் வேறு விஷயம்.

மிச்சம் இருப்பது பழைய கிட்டார். வடசென்னையில் அதற்குக் குறைவில்லை. பெரம்பூர், அயனாவரம் பக்கம் ரயில்வே குடும்பங்களில், ஆங்கிலோ இந்தியர் வீடுகளில், ராயபுரத்துக் கோயில் பாடகர் குழுக்களில் கிட்டார் நீண்ட காலமாகப் புழங்குகிறது. டிரினிட்டி கிரேடு இசைத் தேர்வு எழுதிவிட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன வீடுகளில் நல்ல நைலான் கிட்டார்கள் அலமாரி மேல் கிடக்கின்றன. ஆனால் ஒரு விஷயத்தில் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டி வாசிக்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய. சத்தம் கூடும் என்று மாட்டிவிடுகிறார்கள். நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ இழுவை கொடுக்கும். ஸ்டீல் கம்பிகள் 70 கிலோவைத் தொடும். அந்த மெல்லிய பலகை இதைத் தாங்குவதற்காகச் செய்யப்படவில்லை. விற்பவர் கம்பியை மாற்றிவிட்டாலும் தடயம் இருக்கும். விசிட்டிங் கார்டு ஒன்றை பிரிட்ஜின் பின் விளிம்பில் நுழைத்துப் பாருங்கள், உள்ளே போனால் பிரிட்ஜ் கழன்றுகொண்டிருக்கிறது. கிட்டாரை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை மேடாகப் புடைத்திருக்கிறதா, ஒலித்துளைப் பக்கம் பள்ளமாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பக்கமிருந்து கழுத்தின் விளிம்பை ஒற்றைக் கண்ணால் நோக்குங்கள். நைலான் கிட்டார்களில் பலவற்றுக்குக் கழுத்துக்குள் இரும்புக் கம்பி கிடையாது, வளைந்தால் திருகி நிமிர்த்த வழியில்லை. அயனாவரத்தில் பார்த்த ஒரு அழகான கிட்டாரை இதற்காகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

கடைசியில் பெரம்பூரில், குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிற ஒருவர் வீட்டில் கிடைத்தது. ஸ்பெயினில் தொழிற்சாலையில் செய்த ஃபிளமெங்கோ கிட்டார், ஒற்றை ஸ்ப்ரூஸ் பலகை, பக்கங்கள் அடுக்கு மரம். நட் 52 மில்லிமீட்டர், கம்பி நீளம் 650, வழக்கமான அளவுகள்தான். பிரிட்ஜுக்கு முன்னால் 9 இருந்தது, பன்னிரண்டாவது பிரெட்டில் 3.5, சேடில் நீட்டம் தாராளம். தகட்டில் நகம் பட்ட கீறல்கள் நிறைய. தம்பிக்கு அது பிடிக்கவில்லை. நான் அதைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டேன், யாரோ இதை முறையாக வாசித்திருக்கிறார்கள். அவன் அதை மடியில் வைத்ததும் வாசிப்பதற்கு முன்னால் விரலால் பலகையைத் தட்டினான், ஒரு கானா நடை. அந்த அறை முழுக்கக் கேட்டது. வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வெளியே வந்து, "தம்பி, நீங்கதான் எடுத்துக்கணும்" என்று சொல்லி, 38,000 என்றிருந்ததை 34,000-க்குக் கொடுத்தார்.

மிச்சம் 6,000 ரூபாய். அதை எப்படிச் செலவு செய்வது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. முதல் செலவு செட்டப். பெரம்பூரிலேயே கிட்டார் பழுது பார்க்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். பழைய பிளாஸ்டிக் சேடிலைக் கழற்றி, எலும்பில் இரண்டு சேடில் செய்யச் சொன்னோம். சமமான கண்ணாடித் துண்டின் மேல் எமரி தாளை விரித்து, எலும்பின் அடியை அதில் வைத்து ஒரே சீராக இழுப்பார். நாலு இழுப்புக்கு ஒரு முறை காலிப்பரில் அளப்பார். அடி கொஞ்சம் கோணலாகப் போனாலும் சேடில் பிரிட்ஜோடு முழுசாக ஒட்டாது, ஒலி பாதியில் நின்றுவிடும் என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே செய்தார். இரண்டு சேடில் எதற்கு என்றால், ஐப்பசி, கார்த்திகையில் நம் காற்றில் ஈரம் ஏறும்போது மேல்பலகை ஊதி, கம்பி உயர்ந்துவிடும். அப்போது தாழ்ந்த சேடில். கோடையில் பலகை அடங்கியதும் மற்றது. மாற்றுவதற்குக் கம்பியைத் தளர்த்தினால் போதும்.

இரண்டாவது செலவு கெட்டியான பெட்டி. பையில் வைத்து பைக்கில் கொண்டு போகிற வேலை வேண்டாம். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மதியம் இருந்தால் பிரிட்ஜ் ஒட்டுப் பசை இளகிவிடும். பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். கிட்டார் செய்கிறவர்கள் பட்டறையில் 45 முதல் 50 சதவீத ஈரப்பதம் வைத்துக்கொள்வார்கள், ராயபுரத்திலும் காசிமேட்டிலும் பெரும்பாலும் அதைவிட நிறைய அதிகமாகவே இருக்கும். மீட்டர் 60-ஐத் தாண்டினால் பொட்டலங்களை மாற்று என்று சொல்லியிருக்கிறேன். அதைவிட ஆபத்து ஏசி அறை. ஊறிய மரம் இரவெல்லாம் ஏசியில் காய்ந்தால்தான் விரிசல் விடும். அவன் வீட்டில் ஏசி இல்லை, ஆகவே கிட்டாருக்கு நல்லது.

பழைய காலத்து ஃபிளமெங்கோ கிட்டார்கள் பலவற்றில் டியூனிங் கீக்குப் பதிலாக வீணைப் பிரடை போல மரக் குச்சிகள் இருக்கும். பார்க்க அழகாக இருக்கும், எடையும் குறையும், ஆனால் நம் ஈரத்தில் இறுகிக்கொள்ளும். பழகுகிற வயதில் அது வேண்டாம். பெரம்பூர் கிட்டாரில் சாதாரண கீதான் இருந்தது, உப்புக் காற்றில் கொஞ்சம் கறுத்திருந்தது. துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டோம்.

கம்பி கடைசியாக. இழுவை கூடிய ஹை டென்ஷனும் நார்மலும் ஒவ்வொரு செட் வாங்கச் சொன்னேன், எது அவன் கைக்குச் சேரும் என்று வாசித்துத்தான் தெரியும். மீட்டிவிட்டுக் கம்பியைத் துடைக்காமல் பெட்டியை மூடினால் காசிமேட்டுக் காற்றில் வெள்ளி பூசிய மூன்று கம்பிகளும் சீக்கிரமே கறுத்துவிடும். பழைய பருத்தித் துணி ஒன்று பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். இப்போது தினமும் சாயந்திரம் சோலியா என்ற ஃபிளமெங்கோ வகையைப் பழகுகிறான். நார்மல் டென்ஷன் போதும் என்று நேற்று போன் செய்து சொன்னான், இன்னொரு செட்டை நான் எடுத்துக்கொள்கிறேன்.